குதிரைச் சீரத்திலிருந்து ஓரின எதிர்ப்பொருள் வரை

நச்சு ஏற்றிப் பழக்கிய விலங்கின் சீரம் இன்னொரு விலங்கையும் காக்கும் என்பதை 1890இல் பெர்லினில் பெரிங்கும் கிடசாட்டோவும் நிறுவினர். தொண்டை அடைப்பானுக்கான மருந்து விரைவில் குதிரைகளிடமிருந்து கிடைத்தது. நச்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, கழுத்துக் குழாயில் இரத்தம் இறக்கி, அது உறைந்தபின் தெளியும் மஞ்சள் நீரைப் பிரித்தெடுத்தார்கள். மூச்சுத் திணறிய எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. ஆனால் குதிரைப் புரதம் ஒவ்வாமல் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் கண்டன.

அந்தச் சீரத்தில் நச்சை எதிர்த்தது எதிர்ப்பொருள் என்னும் புரதம். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச் செல்லுடன் இணைத்தனர். அந்தக் கலப்புச் செல் ஓயாமல் பெருகி, ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்தது; அதுவே ஓரின எதிர்ப்பொருள். இந்த அரிய முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. ஆய்வகங்கள் பலவும் தடையின்றிக் கையாண்டன. இவ்வகையின் முதல் மருந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைச் சமாளிக்க 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரிடுக்சிமாப் எதிர்ப்பொருள் 1997இல் நிணநீர்ப் புற்றுக்கு வந்தது.