உலோகத்தின் உள்ளமைப்பும் உறுதியும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் இருப்புப் பாதையில் உள்ள கொல்லங்கோட்டின் பெயரைக் கொல்லரோடு சேர்த்துச் சொல்வது மரபு. கொல்லன் உலையில் நாம் கண்ட நியதி ஒன்று உண்டு: பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் அக்கணமே அது கடினமாகும். இந்நியதிக்கு அடங்காத உலோகம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞரைத் திகைக்க வைத்தது. அதுவே அலுமினியம்.

தூய அலுமினியம் மிருதுவானது. 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் தொடங்கிவைத்த பாத்திரத் தொழிலுக்கு அம்மென்மை உதவிற்று. பாரம் தாங்க அது உதவாது. பித்தளைத் தோட்டாக் கூடுகளுக்கு மாற்று தேடிய ஜெர்மானியர் ஆல்பிரட் வில்ம், 1906-இல் அலுமினியத்தோடு நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு செம்பும் சிறிது மக்னீசியமும் சேர்த்துக் காய்ச்சித் தண்ணீரில் குளிர்வித்தார். அது உடனே இறுகவில்லை. ஓரிரு நாள் கழித்து அளந்தபோதோ கடினம் மிகுந்திருந்தது! 'டுராலுமின்' எனப் பெயர் பெற்ற இவ்வுலோகம், முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஜெர்மானிய வான்கப்பல்களின் சட்டமாயிற்று.

பயன் முன்னே வந்தது; காரணம் பின்னே வந்தது. 1938-இல் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரஸ்டனும், ஒருவரையொருவர் சாராது, எக்ஸ் கதிர்களால் அதனைக் கண்டனர். சூட்டில் அலுமினியத்துள் கரைந்த செம்பணுக்கள், திடீர்க் குளிர்ச்சியால் பிரிய வழியின்றி உள்ளே அடைபடுகின்றன. பின்னர் மெல்ல நகர்ந்து, ஓரிரு அணுக்கனமே உள்ள நுண்தகடுகளாகக் கூடுகின்றன. உலோகம் வளைவதென்றால், சுவடிக்கட்டில் ஏடு ஏட்டின்மேல் வழுக்குவதுபோல, அணு அடுக்குகள் வழுக்குவதேயாம். செறிந்து நிற்கும் நுண்தகடுகள் அவ்வழுக்கலைத் தடுக்கின்றன. ஆகவே உறுதி பிறக்கிறது.

ஆனால் சூடு மிகினும் நெடுநேரம் நீடிப்பினும் அவை திரண்டு பெருத்து, எண்ணிக்கையில் குறையும். இடைவெளி அகன்றதும் வழுக்கல் மீளும், உறுதி தளரும். கண்ணுக்குப் புறத்தில் யாதொரு வேறுபாடும் தோன்றாது. தில்லிக்கும் மும்பைக்கும் விமானத்தில் செல்லும் நம்முடைய உயிர், உலைக்களத்தில் ஒருவர் காத்த சூட்டளவையும் நேர அளவையும் நம்பியிருக்கிறது.

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, மூணாற்று மலையில் 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரத்தைக் கொண்டே 1943-இல் ஆலுவாயில் இந்தியாவின் முதல் அலுமினியம் பிரித்தெடுக்கப்பட்டது. அருவி தந்த ஆற்றல் உலோகத்தை அளித்தது. அவ்வுலோகம் சோற்றுப் பானைக்கு மட்டும் ஆகுமா, விமானச் சிறகுக்கும் ஆகுமா என்பதை, அதனுள் நாம் சேர்ப்பதும், காய்ச்சுவதும், பொறுத்திருப்பதுமே முடிவு செய்கின்றன.