கிழக்கு மாகாண சபைத் தேர்தல், 2012: திருகோணமலை மாவட்டம்

2012 செப்டெம்பர் 8 அன்று நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்துக்குரிய 10 ஆசனங்களும் ஐந்து கட்சிகளிடையே பிரிந்தன. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பெயரில் வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 44,396 வாக்குகளும் 3 ஆசனங்களும் பெற்று முதலிடத்தில் வந்தது. மத்தியில் ஆட்சியிலிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, அதாவது வெற்றிலைச் சின்ன அணி, 43,324 வாக்குகளுடன் அதேபோல் 3 ஆசனங்களைப் பெற்றது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு 26,176 வாக்குகளும் 2 ஆசனங்களும் கிடைத்தன. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 24,439 வாக்குகள், 1 ஆசனம். விமல் வீரவன்சவின் தேசிய சுதந்திர முன்னணிக்கு 9,522 வாக்குகள், 1 ஆசனம். முதலிரு கட்சிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 1,072 வாக்குகள்தான். எந்தக் கட்சியும் மூன்றில் ஒரு பங்கு வாக்கைக்கூட எட்டவில்லை.

இப்படிச் சிதறியதற்கான முதற் காரணம் மாவட்டத்தின் மக்கள் தொகையின் இனக் கலவை. அதே ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 378,000 பேர் வாழ்ந்தனர். அவர்களில் சுமார் 40 வீதத்தினர் முஸ்லிம்கள், 31 வீதத்தினர் இலங்கைத் தமிழர், 27 வீதத்தினர் சிங்களவர். துறைமுக நகரை உள்ளடக்கிய திருகோணமலைத் தொகுதியில் தமிழர் செறிந்துள்ளனர். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த மூதூர்த் தொகுதியில் முஸ்லிம்களும், சேருவில தொகுதியில் சிங்களவரும் செறிந்துள்ளனர். அதே மாகாணத்தின் மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழ் வாக்கு ஒன்றே பாதி ஆசனங்களைத் தாண்டிவிடும். திருகோணமலையில் அப்படி எந்தச் சமூகத்தாலும் முடியாது. இங்கே யார் யாருடன் சேர்ந்து கேட்கிறார்கள் என்பதைப் போலவே யார் பிரிந்து கேட்கிறார்கள் என்பதும் முடிவை மாற்றக்கூடியது.

மாகாண சபை முறை 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் வந்தது. அன்று வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டு, 1988 நவம்பர் 19இல் தேர்தல் நடந்தது. வரதராஜப் பெருமாள் தலைமையிலான அச்சபை திருகோணமலையிலிருந்து இயங்கி 1990இல் முடிவுக்கு வந்தது. இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணமானது. தலைமையகம் திருகோணமலையிலேயே தொடர்ந்தது.

தனிக் கிழக்கின் முதல் தேர்தல் 2008 மே 10இல், போர் வடக்கில் நடந்துகொண்டிருக்கையில், நடைபெற்றது. வாக்களிப்பு நாளின் விடியலில் திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்றை விடுதலைப் புலிகளின் கடற்படைப் பிரிவான கடற்புலிகள் மூழ்கடித்தனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அத்தேர்தலில் போட்டியிடவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் யானைச் சின்னத்தில் ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்து நின்றது. அதன் தலைவர் ரவூப் ஹக்கீம் நாடாளுமன்றப் பதவியைத் துறந்துவிட்டுத் திருகோணமலைப் பட்டியலில் இறங்கினார். மாவட்டத்தில் யானை 70,858 வாக்குகளோடு 5 ஆசனங்களையும், வெற்றிலை 59,298 வாக்குகளோடு 4 ஆசனங்களையும் பெற்றன. மக்கள் விடுதலை முன்னணி வெறும் 4,266 வாக்குகளில் ஓர் ஆசனத்தைப் பிடித்தது. மாகாண அளவில் 20 ஆசனங்களுடன் வெற்றிலை அணி வென்று, அவ்வணியில் நின்ற தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார்.

2012 ஜூன் இறுதியில், பதவிக்காலம் முடிய ஓராண்டளவு இருக்கும்போதே, சபை கலைக்கப்பட்டது. வடமத்திய, சபரகமுவ மாகாணங்களோடு சேர்த்துத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இம்முறை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு களத்தில் இறங்கியது. அதன் தலைவர் இரா. சம்பந்தன் திருகோணமலை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததால் மாவட்டத்தின் முடிவு அவருக்கு மானப் பிரச்சினையாகவும் இருந்தது. கல்வித் துறையில் உயர் பதவி வகித்த சி. தண்டாயுதபாணி முதன்மை வேட்பாளரானார். 2006இல் போரால் இம்மாவட்டத்தின் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அப்போதும் கிளிவெட்டி போன்ற இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தன. அவர்களின் காணி அனல் மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. கூட்டமைப்பின் மேடைகளில் இதுவே முன்னின்றது.

முஸ்லிம் காங்கிரஸின் நிலை விசித்திரமானது. ஹக்கீம் அன்று மத்திய அரசில் நீதி அமைச்சர். ஆனால் கட்சி தனித்து, மரச் சின்னத்தில், அதே அரசின் அணியை எதிர்த்துக் கேட்டது. ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் மீது நடந்த தாக்குதலால் முஸ்லிம்கள் கொதித்திருந்த நிலையில் வெற்றிலையில் நிற்பது கட்சிக்குக் கட்டுப்படியாகியிருக்காது. வெற்றிலைப் பட்டியலிலோ, மூதூர்த் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.எல். அப்துல் மஜீதின் மகன் நஜீப் அப்துல் மஜீத் நிறுத்தப்பட்டிருந்தார். முஸ்லிம் வாக்கு மரம், வெற்றிலை, யானை என மூன்று பக்கமும் போனது. சிங்கள வாக்கும் பிரிந்தது: அரசின் பங்காளியான தேசிய சுதந்திர முன்னணி திருகோணமலையில் தனிப் பட்டியல் போட்டது.

ஆசனப் பங்கீட்டை விளங்கிக்கொள்ள அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. 5 வீதத்துக்குக் கீழ்ப்பட்ட கட்சிகள் கழிக்கப்படும். அன்றைய மாகாண சபைத் தேர்தல் முறையில் மாவட்ட மட்டத்தில் இரண்டும் இருக்கவில்லை. செல்லுபடியான வாக்குகளை ஆசன எண்ணிக்கையால் வகுத்து, அந்த ஈவு ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் எத்தனை முறை அடங்கியதோ அத்தனை ஆசனம் முதலில் கொடுக்கப்பட்டது. எஞ்சிய ஆசனங்கள் அதிக மீதி வைத்திருந்த கட்சிகளுக்கு வரிசைப்படி போயின. 2008இல் மக்கள் விடுதலை முன்னணிக்கு ஆசனம் விழுந்ததும் இந்த வழியால்தான்.

2012இல் திருகோணமலையில் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 152,650. பத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 15,265 வாக்குகள். வீடும் வெற்றிலையும் தலா இரண்டு, மரமும் யானையும் தலா ஒன்று என முதற் சுற்றில் ஆறு ஆசனங்களே நிரம்பின. நான்கு எஞ்சின. மீதி வாக்குகளில் வீட்டிடம் 13,866 அளவும், வெற்றிலையிடம் 12,794 அளவும், மரத்திடம் 10,911 அளவும் இருந்தன. மூன்றுக்கும் ஒவ்வொன்று போனது. கடைசி ஆசனத்துக்கு யானையின் மீதியான சுமார் 9,170உம், ஈவையே தொடாத தேசிய சுதந்திர முன்னணியின் முழு வாக்கான 9,522உம் மோதின. ஏறத்தாழ 350 வாக்கு வித்தியாசத்தில் ஆசனம் முன்னணிக்குப் போனது.

இந்த இடத்தில் கணக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறது. வெற்றிலையும் முன்னணியும் ஒரே பட்டியலில் நின்று அதே வாக்குகளை வாங்கியிருந்தால் மொத்தம் 52,846. அதில் மூன்று ஈவு அடங்கி 7,050 அளவே மிஞ்சியிருக்கும். அந்த மீதிக்கு ஆசனம் கிடைத்திராது. சேர்ந்திருந்தால் 3, பிரிந்து நின்றதால் 3உம் 1உமாக 4. அரசின் பங்காளிகள் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றது அரசுக்கு ஓர் ஆசனத்தைக் கூட்டிக் கொடுத்தது, யானைக்கு ஒன்றைக் குறைத்தது. மறுபுறம், கூட்டமைப்பு முந்திய அந்த 1,072 வாக்குகளால் மாவட்டத்தில் ஓர் ஆசனம்கூட இடம் மாறவில்லை. அது கௌரவ வெற்றி மட்டுமே.

2008உடன் ஒப்பிட்டால் பெரிய சரிவு யானைக்குத்தான். மரத்தின் வாக்கைக் கூட்டினாலும் 50,615தான் வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டும் சேர்ந்து பெற்றதைவிட இருபதாயிரத்துக்கு மேல் குறைவு. கூட்டமைப்பு இல்லாத தேர்தலில் வேறு வழியின்றி யானைக்குப் போட்ட தமிழ் வாக்காளர் வீட்டுக்குத் திரும்பியது இதற்கு முக்கிய காரணமாகலாம். வெற்றிலையும் பதினாறாயிரம் வாக்குகளை இழந்தது. அதில் பெரும்பங்கு முன்னணியின் பெட்டிக்குப் போயிருக்க இடமுண்டு. 2010 நாடாளுமன்றத் தேர்தலில் இதே மாவட்டத்தில் 33,268 வாக்குகளோடு மூன்றாமிடத்தில் நின்ற கூட்டமைப்பு, இரண்டு ஆண்டுகளில் பதினோராயிரம் வாக்குகளைக் கூட்டி முதலிடத்துக்கு வந்தது.

மாகாண அளவில் நிலை இன்னும் நெருக்கமானது. மட்டக்களப்பில் கூட்டமைப்பு 104,682 வாக்குகளோடு 6 ஆசனங்களைப் பெற்றது. அம்பாறையில் வெற்றிலை 92,530 வாக்குகளோடு 5, மரம் 83,658 வாக்குகளோடு 4 ஆசனங்களைப் பெற்றன. மூன்று மாவட்டங்களையும் கூட்டினால் வெற்றிலைக்கு 200,044 வாக்குகள், வீட்டுக்கு 193,827. மாகாணத்தில் முதலிடம் பெறும் கட்சிக்குரிய 2 போனஸ் ஆசனங்கள் இந்த 6,217 வாக்கு வித்தியாசத்தில் வெற்றிலைக்குப் போயின. 37 பேர் கொண்ட சபையில் வெற்றிலைக்கு 14, வீட்டுக்கு 11, மரத்துக்கு 7, யானைக்கு 4, முன்னணிக்கு 1 என்று கணக்கு முடிந்தது.

ஆட்சியமைக்க 19 பேர் வேண்டும். வீடும் மரமும் சேர்ந்தால் 18. யானையும் வந்தால் 22. வெற்றிலையும் முன்னணியும் மரத்தோடு சேர்ந்தாலும் அதே 22. இரு பக்கமும் முஸ்லிம் காங்கிரஸையே பார்த்துக்கொண்டிருந்தன. முதலமைச்சர் பதவியை அக்கட்சிக்கே விட்டுத்தரத் தயார் என்று கூட்டமைப்பு வெளிப்படையாகச் சொன்னது. போனஸ் ஆசனங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் வீடும் மரமும் யானையின் தயவின்றி 20ஐ எட்டியிருக்கும். அப்போது பேரத்தின் போக்கு வேறாக இருந்திருக்கலாம். பத்து நாள் இழுபறிக்குப் பின் முஸ்லிம் காங்கிரஸ் அரசின் பக்கம் சாய்ந்தது. மத்தியில் அமைச்சுப் பதவி வகித்துக்கொண்டே மாகாணத்தில் எதிர்க்கட்சியோடு சேர அதற்குத் துணிவு வரவில்லை என்றே இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. செப்டெம்பர் 18இல் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சராகப் பதவியேற்றார். இலங்கையில் முதலமைச்சரான முதல் முஸ்லிம் அவர். மட்டக்களப்பிலிருந்து மீண்டும் தெரிவாகியிருந்த சந்திரகாந்தனுக்கு அப்பதவி திரும்பக் கிடைக்கவில்லை. தண்டாயுதபாணி எதிர்க்கட்சித் தலைவரானார்.

புதிய சபையின் முதற் பெரிய வேலை அடுத்த மாதமே வந்தது. மாகாணங்களின் சில அதிகாரங்களை மத்தியின் கைக்குக் கொண்டுபோகும் என்று கூட்டமைப்பு எதிர்த்த திவிநெகும சட்டமூலத்துக்கு, முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்களின் துணையோடு சபை இணக்கம் தெரிவித்தது.

2015 ஜனவரியில் மத்தியில் ஆட்சி மாறியபோது சபையின் அணிகளும் கலைந்து கூடின. பெப்ரவரி 6இல் முஸ்லிம் காங்கிரஸின் ஹாபிஸ் நசீர் அஹமட் முதலமைச்சரானார். சபையில் தமக்கு 11 பேர், மரத்துக்கு 7 பேர் என்று சுட்டிக்காட்டி அப்பதவியைத் தமக்குக் கேட்ட கூட்டமைப்பு முதலில் முரண்டு பிடித்தது. பின்னர் ஆட்சியில் சேர்ந்தது. தண்டாயுதபாணி கல்வி அமைச்சையும், மட்டக்களப்பின் கி. துரைராஜசிங்கம் விவசாய அமைச்சையும் பொறுப்பேற்றனர். 2012இல் பேசிப் பயனில்லாமல் போன கூட்டு, பதவிக்காலத்தின் பிற்பாதியில் இப்படி அமைந்தது.

சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அம்மாதமே நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையாக மாற்றிச் சட்டம் இயற்றியது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றும் இல்லை. பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறைக்கு எல்லைகள் இல்லாமற்போன நிலையில் தேர்தல் தடைப்பட்டது. அதன் பின் மாகாண நிர்வாகம் திருகோணமலையிலிருந்து ஆளுநரின் கீழ் நடந்து வந்தது.