சபை முடித்துக் கொடுத்த பாட்டு

கோமாளி என்றதும் வெள்ளை பூசிய முகமும் கன்னத்துச் சிவப்பும்தான் எமக்கு ஞாபகம் வரும். அந்த வேஷத்தை நிலைநிறுத்தியவர் லண்டன் கலைஞர் ஜோசப் கிரிமால்டி (1778-1837). மழலை வயதிலேயே மேடையேற்றப்பட்டவர்.

1819இல் அவர் பாடத் தொடங்கிய ஒரு பாட்டு, சுட்ட அப்பிள் விற்கும் கிழவியைப் பற்றியது. குளிருக்கு அவள் எதை வாங்கிக் குடித்தாள் என்ற இடத்தில் கிரிமால்டி நிறுத்திவிடுவார். சபை முழுவதும் "ஜின்!" என்று கத்தும். உடனே அவர், வெட்கமில்லையா என்று சபையையே கடிந்துகொள்வார். குடித்தது கிழவி, ஏச்சு வாங்குவது சனங்கள்! (கடைசிச் சொல்லைப் பிள்ளைகளின் வாயால் வரவைக்கும் ஆசிரியர்கள் நாமும் இதைத்தானே செய்கிறோம்.)

அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தது அவரது உடம்பு. பாய்ந்தும் விழுந்தும் மூட்டுகள் கெட்டு, 1823இல், 44 வயதில், மேடையை விட்டார். கையில் காசும் நிற்கவில்லை. 1828 ஜூனில் அவருக்கு உதவிக்காக ட்ரூரி லேன் அரங்கில் விடைபெறும் நிகழ்ச்சி நடந்தது. நிற்க முடியாமல், கதிரையில் இருந்தபடியே நடித்துப் பாடினார். கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு அவர்களை மறந்துவிடும் எமக்கு இது அந்நியக் கதையல்ல.

அவரது நினைவுக் குறிப்புகளைச் செப்பனிட்டு 1838இல் வெளிக்கொணர்ந்தவர், அப்போது இருபதுகளில் இருந்த சார்ள்ஸ் டிக்கன்ஸ்.