இடம்பெயர்ந்த மாதா

மடு மாதாவின் சொந்த ஊர் மாந்தை. மன்னார்க் கரையோரம் கோயில்கொண்டிருந்த அந்த ஆரோக்கிய மாதா சொரூபத்தைக் கிளப்பியது ஒல்லாந்தர் ஆட்சி. 1658இல் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள், கத்தோலிக்கரின் கோயில்களைப் பறித்துக் குருக்களையும் விரட்டினார்கள். 1670இல் மாந்தையின் 20 குடும்பங்கள் சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள், இன்றைய மடுவுக்கு, வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த ஏறத்தாழ 700 பேரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஹெலேனா என்ற பெண்மணி முதல் கோயிலைக் கட்டினார் என்பது வழிவழிக் கதை. கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த யோசே வாஸ் அடிகளுக்கும் பின்னாளில் இந்தக் காடு தெரிந்த இடமாயிற்று.

காடென்றால் பாம்பு. கோயில் மண் விஷம் இறக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியதில் வியப்பில்லை. இன்றும் யாத்திரிகர் ஒரு பிடி மடு மண்ணை முடிந்துகொண்டுதான் வீடு திரும்புவார்கள்.

பெரிய கோயிலுக்கு இருநூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1872இல் யாழ்ப்பாண ஆயர் பொஞ்ஜோன் ஆண்டகை வேலையைத் தொடக்கினார். முகப்பும் குருமனையும் லூர்து கெபியும் பின்னர் வந்தவை. 1924 ஜூலை 2 அன்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதரின் பிரதிநிதி சொரூபத்துக்கு முடிசூட்டினார். 1944இல் கோயில் அபிஷேகமானது. எனக்கென்னவோ கட்டடத்தைவிட அதன் வளவுதான் பெரிதாகப் படுகிறது. ஆவணித் திருவிழாவுக்கு மரங்களுக்கடியில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டிச் சமைக்கும் சனத்துக்கென்றே விடப்பட்ட நிலம் அது. 1990க்குப் பிறகு அதே நிலத்தில் உள்நாட்டுப் போரால் வந்த ஆயிரக்கணக்கான அகதிகள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தார்கள். அதுவும் காப்பாற்றவில்லை: 1999 நவம்பரில் வளவுக்குள் விழுந்த ஷெல்களுக்கு ஏறத்தாழ 40 பேர் பலியானார்கள்.

2008 ஏப்ரல் தொடக்கத்தில் சண்டை மீண்டும் வாசலுக்கு வந்தது. இம்முறை சொரூபத்தை எடுத்தவர்கள் சுவாமியார்கள். போன இடம் வடக்கே கரையோரத் தேவன்பிட்டி. அன்று கடற்கரையிலிருந்து காட்டுக்கு, இன்று காட்டிலிருந்து கடற்கரைக்கு. வன்னிச் சனம் இதைப் பார்த்து அதிசயித்திருக்காது, அவர்களும் அப்படித்தானே சட்டிபானையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது.

2015 ஜனவரி 14 காலை கொழும்பில் யோசே வாஸைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், பிற்பகலில் மடுவுக்கு வந்தார். அந்தச் சொரூபத்தைக் கையில் ஏந்தி, கூடியிருந்த தமிழரையும் சிங்களவரையும் ஆசீர்வதித்தார்.