செயல்வரிசை மயக்கம்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய செயல்கள் ஒரே கணக்கில் கலந்து வருமிடத்து அவற்றுள் எதனை முதலிற் செய்வது என்பதில் எழும் ஐயமும், அவ்வையத்தினால் ஒரே கோவைக்கு வெவ்வேறு விடைகள் பிறப்பதும் செயல்வரிசை மயக்கம் எனப்படும். 2 + 3 × 4 என்பதில் பெருக்கலை முதலிற் செய்வோர் 14 என்றும், வந்த வரிசைப்படியே செய்து செல்வோர் 20 என்றும் விடை காண்பர். முன்னதே சரியென்பது இன்று பாடசாலைகளிலெல்லாம் ஏற்கப்பட்ட நியமம். ஆயினும் அது எண்களின் இயல்பிலிருந்து தானே பிறந்ததன்று. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே நாளடைவில் ஏற்பட்ட உடன்பாடேயாகும்.

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் விலைக்கணக்கில் இம்மயக்கத்தின் விளைவைத் தெளிவாகக் காணலாம். பாவுக்கும் ஊடைக்கும் செல்லும் பட்டுநூல் எடைப்படியும், ஜரிகை மார்க் என்னும் எடைக் கணக்கிலும், நெசவாளியின் கூலி சேலைக்கு இவ்வளவு என்றும் மதிக்கப்படும். கிராம் 5 ரூபாய் வீதம் 600 கிராம் பட்டு, மார்க் 8,000 ரூபாய் வீதம் 2 மார்க் ஜரிகை, கூலி 4,000 ரூபாய் என்று கொண்டால், கோவை 600 × 5 + 2 × 8,000 + 4,000 என்றாகும். அடக்க விலை 23,000 ரூபாய். செயல்களை வந்தபடியே செய்தாலோ, ஜரிகையின் 2 மார்க் பட்டின் விலையோடு கூடிப்போய், சேலை 2,40,20,000 ரூபாயில் வந்து நிற்கும். இத்தகைய பிழை கண்டவுடனே வெளிப்படுவதால் அதனால் தீங்கு குறைவு. சிறிய வேற்றுமை தருவதே அஞ்சத்தக்கது. அதே 23,000 ரூபாய்ச் சேலைக்கு நூற்றுக்கு இருபது தள்ளுபடியும், அதன்மேல் 1,000 ரூபாய்க் கழிவும் உண்டென்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடியை முன்னே செய்தால் 17,400 ரூபாய். கழிவை முன்னே செய்தால் 17,600 ரூபாய். இவ்விருநூறு ரூபாய் யாரைச் சேர்வது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. விற்பனை நிபந்தனையை எழுதியவர் வரிசையைக் கூறியிருத்தல் வேண்டும். தள்ளுபடியும் நூற்றுக்கு ஐந்து என்னும் வரியும் மட்டும் வருமாயின், இரண்டும் பெருக்கலேயாதலால், எதனை முன்வைத்தாலும் 19,320 ரூபாயே கிடைக்கும்.

தமிழரின் பழைய எண்முறையில் செயல்வரிசை எழுத்தின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது என்பது ஆழ்ந்து கருதத்தக்கது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் உண்மையால், 325 என்பது ௩௱௨௰௫ என எழுதப்பட்டது. பெரிய குறிக்கு முன்னின்ற சிற்றெண் அதனைப் பெருக்கும், பின்னின்றது கூடும். ஆகவே ௲௱ என்பது ஆயிரத்து நூறு. ௱௲ என்பது நூறாயிரம். பெருக்கற் குறியும் கூட்டற் குறியும் இன்றியே, முன்னும் பின்னுமாகிய நிலையொன்றே எல்லாவற்றையும் உணர்த்திற்று.

கீழ்வாய் இலக்கமாகிய பின்னங்களில் இந்நுட்பம் மேலும் சிறந்து விளங்குகின்றது. அரைக்கால் என்றால் காலில் அரை, அஃதாவது 1/8. முக்காலே மூன்று வீசம் என்றால் 3/4உம் 3/16உம் கூடிய 15/16. ஏகாரம் நின்றவிடத்துக் கூட்டலும், அது நில்லாது சொற்கள் ஒட்டியவிடத்துப் பெருக்கலும் கொள்ளப்பட்டன. இது வெறும் ஏட்டுக் கணக்காயிருக்கவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்ற சாசனம், ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் இடப்பெறுதற்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமையைத் தகுதியாக விதித்து, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லார்க்கு அரைக்கால் வேலியே போதுமென்று தளர்த்தியது. அங்கே அரைக்காலை அரையும் காலுமாகக் கூட்டிப் படிப்பவன், சலுகையைத் தண்டனையாக்கிவிடுவான்.

தஞ்சைப் பெரியகோயிலில் உள்ள முதலாம் இராஜராஜன் சாசனங்களிலோ, 1/320 ஆகிய முந்திரிகைக்கும் கீழே நில அளவு இறங்கிச் செல்கின்றது; ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கிய ஒரு பங்குவரை அக்கணக்கு எட்டியது. இதற்கு உதவிய கருவி ‘கீழ்’ என்னும் ஒரே சொல். தனக்குப் பின்வரும் பின்னத்தொகை முழுவதையும் அது முந்நூற்றிருபதால் வகுத்து நின்றது. இன்றைய அடைப்புக் குறியின் தொழிலை அன்று அச்சொல்லே செய்தது. முந்திரிகைக் கீழ் முக்காலே ஒரு மா என்றால், முக்காலும், 1/20 ஆகிய ஒரு மாவும் சேர்ந்த 4/5இன் முந்நூற்றிருபதில் ஒரு பங்கை முந்திரிகையோடு கூட்டவேண்டும். ‘கீழ்’ முக்காலை மட்டுமே தழுவுவதாகக் கொண்டால், ஏறத்தாழ ஒரு மா நிலம் இல்லாமலே தோன்றிவிடும். வடமொழிக் கணித நூல்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தன. 1150இல் இயற்றப்பெற்ற பாஸ்கரரின் லீலாவதி, பின்னத்தின் பின்னமாகிய பிரபாகத்தையும், பின்னம் கூடுதலாகிய பாகானுபந்தத்தையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தே கூறுகின்றது.

இன்றைய குறிகள் ஐரோப்பாவில் ஒவ்வொன்றாகத் தோன்றியவை. கூட்டல், கழித்தற் குறிகள் 1489இல் விட்மன் நூலிலும், × என்பது 1631இல் ஆட்ரெட் நூலிலும், ÷ என்பது வகுத்தற் குறியாக 1659இல் ரான் நூலிலும் அச்சேறின. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளிற் பிறந்த இவற்றை இணைக்கும் விதி பின்னரே வந்தது; அதுவும் முற்றுப்பெறவில்லை. பெருக்கலும் வகுத்தலும் அடுத்தடுத்து வருமிடத்து எதனை முன்செய்வது என்பதில் உடன்பாடு இல்லையென்று கணித வரலாற்றாசிரியர் கஜோரி 1928இலேயே எழுதினார்.

இந்தியப் பாடசாலைகளில் பயிலும் ‘போட்மாஸ்’ என்னும் நினைவுச்சொல், அடைப்பு, இன்னதில் இத்தனை பங்கு என்னும் பின்னப் பெருக்கல், வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று வரிசை கூறுகின்றது. எழுத்துக்கள் ஆறாயினும் படிகள் ஆறல்ல. வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரத்தன. கூட்டலும் கழித்தலும் அவ்வாறே. ஒரே தரத்தன இடமிருந்து வலமாகச் செய்யப்பெறும். இதனை ஆசிரியர் விளக்காதுவிடின், 10 − 3 + 2 என்பதற்கு 9 என்னாது 5 என்று மாணாக்கர் விடை எழுதுவர். அவர்களை மதிகுறைந்தோர் என்பது அநியாயம்; நினைவுச்சொல்லை எழுத்துக்கெழுத்து நம்பியதே அவர்கள் செய்த பிழை.

2019இல் உலகெங்கும் விவாதிக்கப்பட்ட 8 ÷ 2(2 + 2) என்னும் கோவை இவ்வகையில் கடினமானது. பள்ளி நியமப்படி விடை 16. குறியின்றி ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முதன்மை தரும் இயற்கணித வழக்கப்படி விடை 1. இவ்வழக்கம் கற்றோரிடத்தும் உள்ளதாதலால், இங்குக் குற்றம் கோவையை எழுதியவருடையதே என்பது நியாயமான முடிவு. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 80000-2 என்னும் தரவிதி ÷ குறியை வகுத்தலுக்கு வழங்கலாகாதென்றும், சாய்கோட்டின்பின் பெருக்கலோ வகுத்தலோ வருமாயின் அடைப்பிட்டு எழுதவேண்டுமென்றும் கூறுகின்றது.

கணிப்பான்களும் இரு வகையின. விஞ்ஞானக் கணிப்பான் செயல்வரிசையைத் தானே அனுசரிக்கும். கடைகளில் வழங்கும் எளிய கணிப்பானோ அழுத்திய வரிசையிலேயே செய்துகொண்டு போகும். ஆதலின் பட்டின் விலையையும் ஜரிகையின் விலையையும் தனித்தனியே பெருக்கி, ஒவ்வொரு பெருக்கத்தையும் ‘எம் பிளஸ்’ விசையால் நினைவிற் சேர்த்து, கூலியையும் அவ்வாறே சேர்த்தபின் நினைவிலுள்ள தொகையை வரவழைத்தல் வேண்டும்.