உட்பகையை அறியும் அணுக்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி, சூளையிலிருந்து எடுத்த ஜாடியை விரலால் தட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். நம் இரத்தத்தின் வெள்ளணுக்களுள் ஒருவகையான டி-அணுக்களும் இத்தகைய சோதனையைத்தான் செய்கின்றன. உடலின் உயிரணுக்கள் தம்முள் உண்டாகும் புரதங்களின் துணுக்குகளைப் புறப்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. அத்துணுக்கு அந்நியமானதாயின், டி-அணு அவ்வுயிரணுவைத் துளைத்துக் கொன்றுவிடும்.

புற்றணுவோ நம் உடலிலேயே பிறந்தது. அதையும் டி-அணு இனங்காணுமா?

1968-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க், பித்தப்பை வலியோடு வந்த ஒருவரைக் கண்டார். 12 ஆண்டுகளுக்கு முன் இரைப்பைப் புற்று கல்லீரல் வரை பரவியதால், முழுவதும் அகற்ற இயலாமல் விடப்பட்டவர் அவர். இப்போது வயிற்றைத் திறந்தபோது புற்றின் சுவடே இல்லை! அவருடைய இரத்தத்தை வேறொரு நோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார் ரோசன்பெர்க், பயனில்லை. ஆயினும் அந்த வியப்பு அவரை விடவில்லை.

டி-அணுக்களை உடலுக்கு வெளியே வளர்க்க இயலாமையே பெருந்தடையாக இருந்தது. 1976-இல் அவற்றைப் பெருகச் செய்யும் பொருள் அறியப்பட்டதும் வழி பிறந்தது. அப்பொருளே பின்னர் இன்டர்லூக்கின்-2 எனப் பெயர் பெற்றது. தோலுக்கு நிறந்தரும் அணுக்களில் தோன்றும் புற்று மெலனோமா. அக்கட்டிகளுள் ஊடுருவியிருந்த டி-அணுக்களைப் பிரித்து, கோடிக்கணக்கில் பெருக்கி, அதே நோயாளிக்கு ரோசன்பெர்க் குழுவினர் செலுத்தினர். 1988-இல் வெளியான முடிவின்படி 20 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆயினும் சிலருக்கு இப்பயன் சில மாதங்களே நீடித்தது.

டி-அணுக்கள் எதைக் கண்டு தாக்குகின்றன? 1991-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தியரி பூன் குழுவினர் ஒரு விடை கண்டனர். இயல்பான அணுக்களில் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் மேஜ்-1 என்னும் மரபணு, மெலனோமா அணுக்களில் விழித்துக்கொள்கிறது. அதன் புரதத் துணுக்கே பகைவனைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம்.

இவ்வகைச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில்தான் ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டிலோ, மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் டி-அணுச் சிகிச்சை 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. மரபணு மாற்றம் செய்த இவ்வணுக்கள் சிலவகை இரத்தப் புற்றுகளைத் தாக்குபவை. மேல்நாட்டுச் செலவில் இது ஒரு சிறு பங்கே.

மெலனோமா நம்மவர்க்கு அரிது. எனினும் உள்ளங்காலில் வளரும் கரும்புள்ளியைப் புறக்கணிக்கலாகாது. கெட்டியான கட்டிகளையும் எளியோர்க்கு எட்டும் செலவில் வெல்லும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. அதை முடிக்கப் போகிறவர் இன்று பள்ளியில் பயில்பவராகவும் இருக்கலாமன்றோ?