அடிமனை யாருடையது?



குத்தகை உரிமை என்றாலே வயலைப் பற்றிய பேச்சு என்றுதான் நாம் படித்து வந்திருக்கிறோம். விளைச்சலில் யாருக்கு எத்தனை பங்கு, குத்தகை எத்தனை ஆண்டு, எந்தக் காரணத்துக்கு வெளியேற்றலாம் என்பவையே நிலச் சீர்திருத்தப் புத்தகங்களின் அத்தியாயங்கள். தஞ்சைப் பகுதியில் நம் பாட்டன் பாட்டிகளைக் கேட்டால் கதை வேறிடத்தில் தொடங்கும். பண்ணையை எதிர்த்துப் பேசினால் முதலில் போவது வேலையல்ல, குடிசை என்பார்கள். இன்றைய உரையில் அந்தக் குடிசையின் அடியிலிருந்த மண்ணைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

கூலி நெல்லை நிறுத்தினால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். ஆனால் சங்கமாக நின்றால் அந்தப் பட்டினியையும் சில நாள் தாங்கலாம். குடிசையைப் பிரித்தெறிந்தால் அப்படித் தாங்க முடியாது. சட்டிபானை, ஆடு, கைக்குழந்தை எல்லாம் வரப்புக்கு வந்துவிடும். அந்த வரப்பும் மிராசுதாருடையது. அடுத்த ஊருக்குப் போனால் அங்கேயும் ஒரு மிராசுதார் இருப்பார். சேரி இருக்கும் மண்ணையும் மிராசு உரிமைக்குள் வைத்துக்கொண்டதுதான் அந்த அதிகாரத்தின் ஆணிவேர்.

இதை அரசு அறியாமல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் நம்மவர்கள் மிராசுதாரின் பிடியில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1892ஆம் ஆண்டின் அரசாணையை நாம் பஞ்சமி நில ஆணையாக நினைவில் வைத்திருக்கிறோம். அது சரிதான். அந்த விவாதத்தில் விளைநிலத்தோடு வீட்டுமனையும் இருந்ததை மறந்துவிட்டோம். 1920இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி உருவானபின் மனைநிலங்களை அரசு கையகப்படுத்தித் தரத் தொடங்கியது. அதற்கான விலையைத் தவணை தவணையாக நம்மவர்களிடமே வசூலித்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணுக்கு நாமே விலை கொடுத்தோம்.

1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய விவசாயிகள் சங்கம் பண்ணையாளையும் குத்தகைதாரரையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்தியது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்த அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தில்தான் 1952இல் ராஜாஜி அரசு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6 2/3 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்களை அது கட்டுப்படுத்தியது. விளைச்சலில் சாகுபடியாளருக்கு 40 விழுக்காடு என்றது. காரணமின்றிப் பண்ணையாளை நீக்கக்கூடாது என்றது.

மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பல பண்ணைகளில் பண்ணையாள் என்ற உறவையே ஒழித்தார்கள். நேற்றுவரை பண்ணையாளாக இருந்தவர் அன்றாடக் கூலியானார். கூலியாளை நீக்க எந்தக் காரணமும் தேவையில்லை. சட்டம் பாதுகாத்த ஆளே இல்லாமல் போனார்.

1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தன. குத்தகை நெல்லை நிலச்சொந்தக்காரர் வாங்க மறுத்தால் நீதிமன்றத்திலோ வருவாய்க் கோட்ட அலுவலரிடமோ செலுத்தலாம் என்ற நல்ல ஏற்பாடும் இருந்தது. ஆனால் களத்துமேட்டில் அளந்து கொடுத்த நெல்லுக்கு ரசீது கிடையாது. குத்தகையே வாய்மொழி. ரசீது இல்லாதவரைக் "குத்தகை பாக்கி" என்று வெளியேற்றுவதும், "இவர் குத்தகைதாரரே அல்ல, கூலிக்கு உழுதவர்" என்று சாதிப்பதும் எளிது. இதற்காகவே 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. பெயரைப் பதிய மனுப்போட வேண்டும். யார் போடுவார்? மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருப்பவர் அதே மிராசுதாருக்கு எதிராக மனுப்போட்டுவிட்டு அன்றிரவு எங்கே படுப்பார்? சொந்த மனையும் சாதிபலமும் இருந்த இடைச்சாதிக் குத்தகைதாரர்கள் பலர் இந்தச் சட்டங்களால் காலூன்றினார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் கூலிகளாகவே நின்றோம். இதைச் சொல்வது வர்க்க ஒற்றுமைக்கு எதிரானதல்ல, வரலாற்றுக்கு நேர்மையானது.

குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961இலேயே ஒரு சட்டம் இருந்தது. வெளியேற்றக்கூடாது என்றதே தவிர, மண்ணை நமக்குச் சொந்தமாக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியை இறக்க மறுத்த சேரியில், ஒரே குடிசையில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1970இல் கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் நிலக்கிழார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைப்பார்களா என்பது நீதிமன்றத்தின் ஐயம். குடிசையைப் பிரிப்பது, குடிசையைக் கொளுத்துவது இரண்டும் ஒரே அதிகாரத்தின் இரு அளவுகள் என்பதை நாம் அங்கே கண்டோம்.

வெண்மணிக்குப் பிந்தைய நெருக்கடியில்தான் 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உடைமையாக்கல் சட்டம் பிறந்தது. 1971 ஜூன் 19 அன்று குடியிருந்த விவசாயக் கூலிக்கும் விவசாயிக்கும் அந்த மனையே சொந்தம் என்றது. 1891இல் எழுதப்பட்ட குறைக்கு 80 ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. பட்டா கையில் வந்த இடங்களில் மனிதர்கள் நிமிர்ந்து கூலி கேட்டார்கள். "என் மனையைக் காலி செய்" என்ற வாக்கியத்துக்கு அங்கே பொருளில்லாமல் போனது.

ஆனால் சட்டத்தில் கிடைத்தது எல்லாச் சேரியிலும் பதிவேட்டில் ஏறிவிட்டது என்று நாம் நம்பிவிடக்கூடாது. தாத்தா பெயரில் வந்த பட்டா பேரன் பெயருக்கு மாறியதா? வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் அந்த மனை இன்று யார் பெயரில் இருக்கிறது? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மாணவ நண்பர்கள் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே எந்த ஆண்டு, யார் மனை, யார் பிரித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ரசீது தராமல்தான் நம்மை ஏய்த்தார்கள். நம் வரலாற்றுக்கான ரசீதை நாமே எழுதிக்கொள்வோம்.

ஜெய்பீம்.